காய்ச்சல் விட்ட காலை

என் முந்தானை இன்னும் காயவில்லை. மஞ்சளும் வேப்பிலையும் கலந்த வாடை அதிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. காலையில் மாரியம்மன் கோயில் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றியவள், ஈரச் சேலையோடு அப்படியே காரில் ஏறிவிட்டேன். இப்போது கோயமுத்தூரில், அவிநாசி ரோட்டில் ஒரு ஆஸ்பத்திரியின் ஏசி வராண்டாவில் உட்கார்ந்திருக்கிறேன். எதிர் நாற்காலியில் இருக்கும் அம்மாள் மூக்கைச் சுளித்து இரண்டு தடவை என்னைப் பார்த்துவிட்டாள். பார்க்கட்டும். இங்கே அடிக்கும் பினாயில் நாற்றத்துக்கு இது எவ்வளவோ மேல்.

உள்ளே படுத்திருப்பது உன் மகள் நித்யா. அவளுக்கு டெங்கு. இன்று காலை காய்ச்சல் விட்டுவிட்டது, அதனால்தான் அவளை இத்தனை அவசரமாக இழுத்துக்கொண்டு வந்தேன். காய்ச்சல் விட்டவளை எதற்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறாய் என்று நம் தெருவே கேட்டது. நீ இருந்திருந்தால் கேட்டிருக்க மாட்டாய். அந்தப் பயத்தை முதலில் என்னிடம் சொன்னவளே நீதான்.

“இன்னிக்கும் நாளைக்கும் நல்லபடியா தாண்டிட்டா போதுங்க” என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். சின்ன வயசுக்காரர், பொறுமையாகப் பேசுகிற பெண். சும்மா உட்கார்ந்திருக்க என்னால் ஆகவில்லை. அதனால் கீழே கடையில் ஒரு நோட்டு வாங்கி வந்து உனக்கு எழுதுகிறேன். யாரிடமாவது பேசினால் அழுதுவிடுவேன், எழுதினால் கொஞ்சம் தாங்கும் போலிருக்கிறது.

உனக்கு நினைவிருக்கும், சோமனூர் பக்கத்தில் நம் இரண்டு தறிக்குடோன்களுக்கும் நடுவே ஒரே சுவர். நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். விசைத்தறி ஓடும்போது பேசினால் காதில் விழாது என்பதால் நம் ஊர்க்காரர்கள் எல்லோருக்குமே தொண்டை பெரிது. ஆனால் கரண்ட் போய்த் தறி நின்ற பிறகும் அதே தொண்டையில் பேசுகிறவள் நீ ஒருத்திதான். வங்கிக்குப் போனாலும் அப்படித்தான் பேசுவாய். ஒரு தடவை மேனேஜர் அறையிலிருந்து எழுந்து வந்து என்ன தகராறு என்று கேட்டார். நீ அவரை நலம் விசாரித்துக்கொண்டிருந்தாய், அவ்வளவுதான்.

எதற்குக் கூப்பிட்டாலும் உன்னிடம் ஒரே பதில். “இதை முடிச்சுப்போட்டு வாரேன் புள்ள.” ஊடை நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டிருந்தால் கடைசித் தார் வரைக்கும் சுற்றிவிட்டுத்தான் எழுந்திருப்பாய். நான் போட்டு வைத்த டீ ஆறி ஆடை கட்டிவிடும். உன்னோடு போன எந்தப் படத்துக்கும் நான் முதல் காட்சியைப் பார்த்ததில்லை. சிரித்துக்கொண்டேதான் சொல்லுகிறேன், ஆனால் அந்த வார்த்தையின் மேல் எனக்கு இன்றுவரை கோபம் தீரவில்லை.

நித்யா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வயசில் அவளுக்கு முதல் தடவை டெங்கு வந்தது. ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. சாயங்காலம் பையைப் போட்டுவிட்டுப் படுத்த பிள்ளை, கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்றாள். உடம்பு அனலாய்க் கொதித்தது. கையைக் காலை அடித்துப் போட்டமாதிரி வலி. நீ அன்றைக்கு எதையும் முடித்துவிட்டுப் போகவில்லை. ஓடிக்கொண்டிருந்த தறியை அப்படியே நிறுத்திவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினாய். ரத்தம் எடுத்துப் பார்த்து டெங்கு என்றார்கள், சேர்த்துக்கொண்டார்கள்.

அங்கிருந்து நீ போன் பேசியது எனக்கு அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. பக்கத்துப் படுக்கைக்காரர்கள் எல்லோரும் கேட்டிருப்பார்கள்.

“காய்ச்சல் இருக்கறப்பக் கூட அத்தன பயமில்லியாமா புள்ள. எறங்குனாத்தான் பயமாமா. ரத்தக் கொழாயிலிருந்து தண்ணி கசிஞ்சு வெளிய போயிருமாமா. வவுறு வலிக்குதா, வாந்தி வருதா, பல்லு ஈறுல ரத்தம் வருதா, கையுங் காலுஞ் சில்லுனு ஆவுதான்னு பாத்துக்கிட்டே இருக்கோணுமாமா. அதுக்குன்னு தனியா மருந்தே இல்லியாமா. தண்ணிதான் மருந்து. அளந்து அளந்து ஏத்தறாங்க.”

அப்புறம் அவளுக்குக் காய்ச்சல் இறங்கியது. வீட்டுக்குப் போகலாம் என்று உன் வீட்டுக்காரர் பையைக் கட்ட ஆரம்பித்தார். நீ கட்டிய பையைப் பிரித்துத் துணியைத் திரும்ப எடுத்து வைத்தாயாம். டாக்டர் போகச் சொல்கிற வரைக்கும் கட்டிலை விட்டு நகர மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டாயாம். பிள்ளையின் உள்ளங்காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாயாம். பிறகு ஒரு மத்தியானம் எனக்குப் போன் செய்து, ஹலோ கூடச் சொல்லாமல், “பசிக்குதுன்னு சொல்லிட்டா புள்ள. வாயத் தொறந்து கேட்டுப்போட்டா. இனிப் பயமில்ல” என்றாய். அன்றைக்குத்தான் உன் குரல் சின்னதாகக் கேட்டது. நீ அழுதுகொண்டிருந்தாய்.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், உனக்குத் தெரியாமல் நடந்த விஷயம் இல்லை இது. தெரியாமல் போயிருந்தால் நான் பாட்டுக்கு அழுதுவிட்டு அமைதியாகியிருப்பேன். உனக்குத் தெரியும். நம் தெருவில் வேறு யாருக்கும் தெரியாதபோது உனக்கு மட்டும் தெரியும். உன் மகளுக்கு என்றால் தெரிந்தது, உனக்கு என்று வந்தபோது அது உனக்கு ஞாபகமே வரவில்லை.

பிள்ளை பிழைத்தால் நெருப்புச் சட்டி ஏந்திப் பூவோடு எடுக்கிறேன் என்று மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டிருந்தாய். கார்த்திகையில் நம் ஊரில் நோம்பி சாட்டினார்கள், அம்மன் திருவிழா தொடங்கிவிட்டது. மூன்று கிளை பிரிந்த வேப்பங்கம்பத்தை வெட்டி வந்து கோயில் முன்னால் நட்டார்கள். கம்பம் நட்டுவிட்டால் அதைப் பிடுங்குகிற வரைக்கும் ஊரைவிட்டுப் போய் வெளியூரில் ராத்தங்கக் கூடாது என்பது நம் வழக்கம். நீ கையில் காப்புக் கட்டிக்கொண்டாய். ஒருவேளைச் சாப்பாடு, அதுவும் உப்புச் சப்பில்லாமல். நெருப்புச் சட்டியைக் கையில் ஏந்துகிறவள் அப்படித்தான் விரதம் இருக்க வேண்டும்.

காப்புக் கட்டின மூன்றாவது நாளோ என்னவோ, உனக்குக் காய்ச்சல் கண்டது. உடம்பு வலிக்கு மெடிக்கல் கடையில் சொல்லி வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டாய். டெங்குவுக்கு அந்த மாதிரி வலி மாத்திரை ஆகவே ஆகாது, ரத்தக் கசிவை அதிகமாக்கிவிடும், காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும்தான் கொடுக்கலாம் என்பது எனக்குப் பிற்பாடு தெரிந்தது. முகம் சிவந்து, கழுத்தில் பொரிப் பொரியாகத் தடிப்பு வந்தது. உன் நாத்தனார் அதைப் பார்த்து, அம்மை வார்த்திருக்கிறது, கம்பம் நட்டிருக்கையில் வெளியூரில் தங்கினால் ஊருக்கே ஆகாது என்று சொல்லித் தலைமாட்டில் வேப்பிலையைச் செருகிவிட்டுப் போனார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் வா என்று நான் வந்து நின்றேன்.

“பூவோடு முடிச்சுப்போட்டு வாரேன் புள்ள. கம்பம் நட்டிருக்குது. இப்பப் போனா சேத்திக்குவாங்க. ராத் தங்கோணும். ஆவாது.”

“உன்ற புள்ளைக்குன்னா இப்புடித்தான் இருப்பியா?” என்று கேட்டேன்.

“அவ புள்ள. நான் கல்லு மாதிரி இருக்கறேன்” என்று சொல்லிவிட்டு, எழுந்திருக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாய்.

பூவோட்டு நாள் காலையில் உனக்குக் காய்ச்சல் விட்டது. நெற்றி குளிர்ந்து வேர்த்திருந்தது. மஞ்சள் சேலையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்று, என்னைப் பார்த்ததும் அதே பெருங்குரலில் சொன்னாய். “பாத்தியா புள்ள, ஆத்தா எறக்கிப்போட்டா. சட்டி எடுக்கறதுக்குன்னே எறக்கிப்போட்டா.” உன் வீட்டுக்காரர் சிரித்தார். உன் நாத்தனார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். தெருவே சந்தோஷப்பட்டது. சந்தோஷப்படாமல் என்ன செய்வோம், கொதித்த உடம்பு குளிர்ந்தால் சீக்கு போய்விட்டது என்றுதானே யாரும் நினைப்பார்கள்.

அன்றைக்கு நீ ஒன்றும் சாப்பிடவில்லை. தண்ணீரும் சரியாகக் குடிக்கவில்லை. பசிக்கவில்லை என்று சொல்லியிருந்தால் எனக்கு ஏதாவது தட்டியிருக்குமோ என்னவோ. விரதக்காரிக்குப் பசி இருக்கிறதா என்று யார் கேட்பார்கள்? நம் விரதம் உன் உடம்பு காட்டின அடையாளத்தையெல்லாம் மூடி மறைத்துவிட்டது. சோர்ந்து உட்கார்ந்தால் விரதக் களைப்பு. வயிற்றைப் பிடித்தால் வெறும் வயிறு. உடம்புக்குத் தண்ணீர்தான் மருந்து என்று எனக்குப் போனில் கத்தினவள், அந்தத் தண்ணீரையே குடிக்காமல் இருந்தாய்.

ஊர்க் கிணற்றிலிருந்து கோயில் வரைக்கும் சட்டியை ஏந்திக்கொண்டு நடந்தாய். தப்பட்டை முழங்கியது. நான் உன் பக்கத்திலேயே குடத்தோடு வந்தேன். நீ கால் தடுமாறவில்லை. கம்பத்தை மூன்று சுற்று சுற்றி, சட்டியை இறக்கி வைத்தாய். பிறகு கம்பத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டாய். “வவுறு புடிச்சு இழுக்குது புள்ள” என்றாய், யாருக்கும் கேட்காத குரலில். தூக்கிவிடலாம் என்று உன் கையைப் பிடித்தேன்.

இத்தனை வருஷமாகியும் அந்தக் கையை நான் விடவில்லை. அதுவரைக்கும் நெருப்பை ஏந்தியிருந்த கை. அது சில்லென்று இருந்தது.

அப்போதுதான் நீ போனில் சொன்னது எனக்கு உறைத்தது. கத்தினேன். கார் வந்தது. உன் வீட்டுக்காரரும் நானும் உன்னை மடியில் போட்டுக்கொண்டு போனோம். கொண்டுபோய்ச் சேர்த்த ஆஸ்பத்திரியில் அவர்களால் ஆனதையெல்லாம் செய்தார்கள். ரத்த அழுத்தம் ஏறவே இல்லை. மறுநாள் மத்தியானம் நீ போய்விட்டாய். உன் கையிலிருந்த காப்பை யார் எப்போது கழற்றினார்கள் என்று எனக்குத் தெரியாது.

காரியம் முடிந்ததும் சுகாதாரத் துறையிலிருந்து வந்தார்கள். உன் வீட்டில் ஒரு ட்ரம்மில் கூடப் புழு இல்லை. நம் ஊரில் ஆற்றுத் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாததால் சொம்பு முதற்கொண்டு பிடித்து வைப்போமே, அத்தனையையும் நீ காடாத் துணி போட்டு இறுக்கிக் கட்டித்தான் வைத்திருந்தாய். நித்யா வீடு திரும்பிய அன்றைக்கே கட்டிவிட்டாய். கடைசியில் குடோனுக்குள் போய் டார்ச் அடித்தார்கள். வெயில் காலத்தில் காற்று காய்ந்து பாவு நூல் அறும் என்று சுவரோரம் தொட்டியில் தண்ணீர் நிறுத்தி, சாக்கை நனைத்துத் தொங்கவிடுவோம் இல்லையா, அந்தத் தொட்டி. மழை வந்ததும் அதற்கு வேலை இல்லை. வேலை இல்லாததால் அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சாக்கு பாதி தண்ணீரிலும் பாதி வெளியிலுமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. தெளிந்த நல்ல தண்ணீர். அதில் நெளிந்துகொண்டிருந்தன.

அந்தக் கொசுவுக்குச் சாக்கடை ஆகாதாம், சுத்தமான தண்ணீர்தான் வேண்டுமாம். கடிப்பதும் பகலில். பிள்ளை அந்தச் சுவரோரமாகத்தான் சாயங்காலம் வீட்டுப்பாடம் எழுதுவாள். நீ அங்கேதான் நாள் முழுக்கத் தார் சுற்றுவாய். கொசு வந்து கடிக்கும் என்று ராத்திரி வலை கட்டிக்கொண்டு படுக்கிற ஊர் நம்முடையது.

அன்றிலிருந்து நம் தெருவில் எனக்கு டெங்கு அக்கா என்று பெயர். வெள்ளிக்கிழமை வீடு கழுவும்போது என் வீட்டு ட்ரம்மைக் கவிழ்த்து நார் போட்டுத் தேய்த்துவிட்டு, அப்புறம் வீடு வீடாகப் போய்க் கத்துவேன். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, முட்டை பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு காய்ந்து கிடக்கும், தேய்த்தால்தான் போகும் என்று கத்துவேன். பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, தேங்காய்த் தொட்டி, பழைய டயர், ஒன்றையும் விடுவதில்லை. “ஏனுங்க்கா, எங்க ஊட்டு மாமியாகூட என்னைய இத்தன அதட்டுனதில்லீங்” என்று ஒருத்தி கேலி செய்கிறாள். செய்யட்டும். இத்தனை கத்தியும் நித்யாவுக்கு வந்துவிட்டதே என்றுதான் மனசு ஆறவில்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறாள் அவள். அங்கே எந்தத் தொட்டியில் பிறந்து வந்து கடித்ததோ. அங்கேயும் போய் நான் கத்த முடியாது.

உனக்கு அப்புறம் வருஷா வருஷம் அவள்தான் பூவோடு எடுக்கிறாள். இந்த வருஷமும் நோம்பிக்கு லீவு போட்டுவிட்டு வந்து காப்புக் கட்டிக்கொண்டாள். வந்த இரண்டாம் நாளே காய்ச்சல். டெஸ்டில் டெங்கு என்று வந்தது. டாக்டரிடம் காட்டி, பாரசிட்டமால் சாப்பிட்டு, வீட்டிலேயே நிறையத் தண்ணீர் குடித்துக்கொண்டு இருந்தாள். விரதத்தை நான் விடச் சொல்லிவிட்டேன். கஞ்சியும் இளநீரும் அரைமணிக்கொரு தரம் கொண்டுபோய் வைத்தேன். அவள் படுத்திருந்த கட்டிலுக்குப் பகலிலும் வலை கட்டினேன், அவளைக் கடித்த கொசு இன்னொருத்தரைக் கடிக்கக் கூடாதே. நேற்று வரைக்கும் என் கட்டுக்குள்தான் இருந்தாள்.

இன்று காலை நான் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது கோயிலுக்கே வந்து நின்றாள். குளித்து, மஞ்சள் சேலை கட்டியிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

“காய்ச்சல் வுட்டுருச்சுங்க சித்தி. கஞ்சி வேண்டாங்க, பசியே இல்லீங்க. சாயங்காலம் பூவோடு முடிச்சுப்போட்டு ஆஸ்பத்திரிக்கு வாரேனுங்க.”

குடத்தைக் கீழே போட்டுவிட்டேன். அதை எடுக்கக்கூடத் தோன்றவில்லை. அவள் நெற்றியைத் தொட்டேன், குளிர்ந்திருந்தது. “இப்பவே கெளம்பு கண்ணு” என்றேன்.

அவ்வளவுதான், கூட்டம் கூடிவிட்டது. உன் நாத்தனாருக்கு இப்போது வயசாகிவிட்டது, குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. “காய்ச்சல் போனவளை எதுக்கம்மிணி இழுத்துக்கிட்டுப் போற? ஆத்தா எறக்கிக் குடுத்திருக்கறா. கம்பம் நட்டிருக்குது, ராத்திரி வெளியூருல தங்குனா ஊருக்கே ஆவாது” என்றார். அன்றைக்குச் சொன்ன அதே வார்த்தை. நித்யா என்னையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தாள். அம்மாவின் வேண்டுதலைத் தான் விட்டால் என்ன ஆகுமோ என்ற பயம் அவள் கண்ணில் தெரிந்தது. எனக்கோ, இவள் இன்னும் ஒரு மணி நேரம் இங்கே நின்றால் என்ன ஆகுமோ என்ற பயம்.

அப்போது உன் வீட்டுக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். நீ போன பிறகு அவர் ஒரு நாளில் நாலு வார்த்தை பேசினால் அதிகம். கையில் கார் சாவி இருந்தது.

“ராத்திரி நான் தங்கறேனுங்க்கா. ஆத்தாகிட்ட நான் பதில் சொல்லிக்கறேன். போன தடவை உங்க பேச்சக் கேட்டு நின்னுபோட்டேன்” என்றார் தன் அக்காவிடம். அவர் குரல் உயரவே இல்லை. நாத்தனார் வழியை விட்டு விலகினார்.

பூசாரி நல்ல மனுஷர். “கூட்டிக்கிட்டுப் போங்க அம்மிணி. சட்டி இங்கயே இருக்கும். புள்ள எப்ப வந்தாலும் எடுத்துக்கட்டும். ஆத்தா எங்கீங் போயிரப் போறா” என்று சொல்லி, நித்யாவின் நெற்றியில் திருநீறு வைத்து அனுப்பினார். கருமத்தம்பட்டி வழியாக உன் வீட்டுக்காரர் காரை விரட்டினார். நான் அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

இங்கே வந்ததும் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “முன்னாடி எப்பவாவது டெங்கு வந்திருக்கா?” அவள் வாய் திறப்பதற்குள் நான் ஆமாம் என்றேன். டாக்டர் முகம் கொஞ்சம் மாறியது. இந்த வைரஸில் நாலு வகை இருக்கிறதாம். ஒரு வகை வந்துபோனால் அது திரும்ப வராதாம், ஆனால் அடுத்த வகை வந்தால் முதல் தடவையைவிடக் கடுமையாகப் போக வாய்ப்பு அதிகமாம். “காய்ச்சல் விட்ட உடனே கூட்டிட்டு வந்தீங்க பாருங்க, அது நல்லதாப் போச்சு” என்றார். ஊசி போடவந்த நர்ஸ் மணிக்கட்டிலிருந்த மஞ்சள் காப்பைப் பார்த்து, இதை வெட்டட்டுமா என்று கேட்டாள். நித்யா கையை இழுத்துக்கொண்டாள். நர்ஸ் அடுத்த கையில் போட்டுவிட்டாள். அந்தப் பெண் நன்றாக இருக்கட்டும்.

இப்போது பொழுது சாய்ந்துவிட்டது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அவளுக்கு வயிற்று வலி வந்தது. வாந்தியும் எடுத்தாள். கையைத் தொட்டால் சில்லென்று இருந்தது. நான் போட்ட சத்தத்தில் டாக்டர் ஓடி வந்தார். ரத்தத்தில் தண்ணீர் குறைந்து கெட்டியாகிக்கொண்டு வருகிறதாம், அதைத்தான் அடிக்கடி ஊசி குத்தி எடுத்துப் பார்க்கிறார்கள். ரத்தத் தட்டணு, பிளேட்லெட் என்கிறார்களே, அது எத்தனை இருக்கிறது என்று உன் வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டே இருந்தார். அது மட்டும் கணக்கில்லீங்க, ரத்தம் எத்தனை கெட்டியாக இருக்கிறது, சிறுநீர் போகிறதா, நாடி எப்படி என்பதெல்லாம் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். சலைனைக் கூட்டி வைத்தார். குறைவாகக் கொடுத்தாலும் ஆபத்து, மேலே மேலே ஏற்றினாலும் நுரையீரலில் கோத்துக்கொள்ளுமாம். சொட்டுச் சொட்டாக விழுவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். என்னை வெளியே போகச் சொல்லிவிட்டார்கள்.

உன் வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருக்கிறார். நம் ஊரில் இந்நேரம் தப்பட்டை அடித்துக்கொண்டிருப்பார்கள். பூவோடு கிளம்பியிருக்கும். எனக்கு மாரியம்மன் மேல் கோபம் இல்லை. காலையில் தண்ணீர் ஊற்றும்போது நான் வேண்டிக்கொண்டதே இவளுக்காகத்தான். எனக்குக் கோபம் உன் மேல். இந்த நாற்காலியில் உட்கார்ந்து உள்ளங்காலைத் தொட்டுப் பார்க்க வேண்டியவள் நீ. உன் இடத்தில் என்னை உட்கார வைத்துவிட்டுப் போய்விட்டாய். இதற்கு மேல் இன்றைக்கு எழுத முடியாது.

நேற்று விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன். முந்தானை காய்ந்துவிட்டது. வாடை இருக்கிறதா என்று முகர்ந்து பார்த்தேன், லேசாக இருக்கிறது.

விடிகிற நேரத்தில் அவள் கையில் கொஞ்சம் சூடு வந்தது. சிறுநீர் போனாள். அதைக் கேட்டு இத்தனை சந்தோஷப்படுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். காலையில் எடுத்த ரத்தத்தில் கெட்டி குறைந்திருக்கிறது என்றார்கள். தட்டணு இன்னும் கீழேதான் இருக்கிறதாம், அது பிறகு தானாக ஏறும் என்றார் டாக்டர். ஊரிலிருந்து பப்பாளி இலையை அரைத்துக் கொடுத்தனுப்பட்டுமா என்று உன் நாத்தனார் போன் செய்தார். வேண்டாம், டாக்டர் கொடுப்பதை மட்டும் கொடுப்போம் என்றேன். “சரி அம்மிணி, நீ சொன்னாச் செரி” என்றார். பிறகு வெகுநேரம் போனை வைக்காமல் இருந்தார். அவர் அழுகிறார் என்று தெரிந்தது. நானும் வைக்கவில்லை.

உன் வீட்டுக்காரர் ராத்திரி முழுக்க உட்காரவே இல்லை. வெளியூரில் ராத்தங்கிவிட்டார். காலையில் என்னிடம் காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, “அன்னிக்கு அவளையும் இப்புடித் தூக்கிட்டு வந்திருக்கோணும் அம்மிணி” என்றார். நான் காபியை வாங்கிக்கொண்டேன். தூக்கினாலும் நீ வந்திருப்பாயா? எங்கள் இரண்டு பேர் கையையும் உதறிவிட்டுச் சட்டியை எடுத்திருப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா.

டாக்டர் இன்னும் முழுதாகச் சரி என்று சொல்லவில்லை. இன்றைக்கு ஒரு நாள் பார்க்க வேண்டுமாம். நித்யா தூங்கி எழுந்து கண்ணை மூடி மூடித் திறக்கிறாள். கண்ணாடி வழியே அவளைப் பார்த்தபடிதான் எழுதுகிறேன். தூங்கும்போது அவள் வாய் உன்னுடையதைப் போலவே லேசாகத் திறந்திருக்கிறது. உன்னிடம் இன்னும் நிறையக் கேட்க இருக்கிறது, திட்டவும் இருக்கிறது. நீ கட்டி வைத்த காடாத் துணியில் ஒன்று என் வீட்டு ட்ரம்மில் இன்னும் இருக்கிறது, அதைப் பற்றி எழுத வேண்டும் என்று

நர்ஸ் வந்து கூப்பிடுகிறாள். “உங்க பொண்ணு ஏதோ கேக்குதுங்க” என்றாள். எட்டிப் பார்த்தேன். தலையணையிலிருந்து கழுத்தைத் தூக்கி, என்னைப் பார்த்து உதட்டை அசைத்தாள்.

“பசிக்குதுங்க சித்தி.”

இதை நான் முடிக்கவில்லை. பிள்ளைக்குப் பசிக்கிறது, நான் போகிறேன்.